ஒரு மணி முன்னால்

அலுவலகத்தை மூடிய அந்த வாரம் மலையில் பனி பெய்ததா என்று மார்ஜானால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெய்தது என்றுதான் நினைவு. அந்த நினைவேகூட தோலேகென் அனுப்பிய எண்களிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

காலை டீ ஆறுவதற்குள் எண் வந்துவிடும். பனி இவ்வளவு, காற்று இந்தத் திசை, சரிவு அமைதி. மார்ஜான் "பெற்றேன்" என்று தட்டி அனுப்புவாள். பனிச்சரிவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் எத்தனையோ குளிர்காலங்களாக அவள் பார்த்த வேலை அதுதான். மேலே காவல் குடிலில் இருக்கும் தோலேகெனின் முகத்தை அவள் பார்த்ததில்லை.

அந்த அலுவலகம் இப்போது இல்லை. மலையெங்கும் பனியைத் தானாகவே அளக்கும் கம்பங்களை நட்டுவிட்டுப் பிரிவையே மூடிவிட்டார்கள். மேலே இருப்பவர்களுக்கு உத்தரவு தனியாகப் போகும் என்றார்கள். போனதா என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. தன் டீக் கோப்பையை எடுத்துக்கொள்ளக் கடைசியாகப் போன காலையில், மூலையில் அணைக்காமல் கிடந்த பழைய கணினியில் தோலேகெனின் எண் வந்து நின்றது.

மனைவி இல்லை, மகனும் நாடு விட்டுப் போய்விட்டான் என்று எப்போதோ ஒரு புயல் நாளில் எழுதியிருந்தார். மார்ஜானுக்கும் வீட்டில் காத்திருக்க யாருமில்லை. அந்த மனிதருக்குக் கீழேயிருந்து ஒரு சொல்லாவது போக வேண்டும் என்று தோன்றியது. குப்பைக்குப் போகவிருந்த கணினியின் ஹார்ட் டிஸ்க் வட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அலுவலகத்துக்கு வழக்கமாகப் பழுதுபார்க்கும் வலேரி கிம், அதை அவளுடைய லேப்டாப்பில் இணைத்தான். திரைக்குள் ஒரு சின்னச் சன்னலைத் திறந்து, அதில் பழைய கணினியை அப்படியே எழுப்பிக் கொடுத்தான்.

"இதுக்குப் பேரு விர்ச்சுவல் மெஷின், அக்கா. இன்னும் ஆபீஸ் மேஜையிலதான் இருக்கோம்னு அது நெனச்சுக்கும். நீங்க போய் உண்மையச் சொல்லி வெச்சுடாதீங்க."

அதற்குப் பிறகுதான் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று ஆக்கி, அவர்கள் ஊரான அல்மாட்டியில் கடிகாரங்களை ஒரு மணி பின்னுக்குத் தள்ளினார்கள். வட்டுக்கு அது தெரியாது. சன்னலுக்குள் மட்டும் பழைய நேரமே ஓடியது. அலுவலகமாக இருந்தால் அன்றே திருத்தியிருப்பார்கள்; அவள் திருத்தவில்லை.

ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பும் கணினியின் நேரமும் போகும். தோலேகெனின் செய்திகளிலும் பழைய நேரம்தான் இருந்தது. கடிகாரம் மாறியதைக்கூடச் சொல்ல ஆளில்லாத இடத்தில் இருக்கிறாரே என்று நினைத்து, கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு காலை, சன்னல் திறக்கவில்லை. வட்டைக் காணோம் என்றது லேப்டாப். வட்டோ பக்கத்திலேயே சூடாக முனகிக்கொண்டிருந்தது. பதில் போகாவிட்டால் அந்த மனிதர் என்ன செய்வார்? என்ன ஆயிற்றோ என்று இந்தப் பனியில் சரிவு வழியே தனியாக இறங்கினால்? வீட்டு உடுப்பின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வலேரியின் கடைக்குப் பஸ் ஏறினாள்.

வலேரி பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டான். லேப்டாப் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது வட்டுக்கு வேறு எண் கொடுத்துவிட்டதாம். கதவிலக்கம் மாறிய தெருவில் தபால்காரர் முழிப்பது மாதிரி, சன்னல் பழைய எண்ணில் தேடிக்கொண்டு நின்றிருக்கிறது. எண்ணை மாற்றியதும் பழைய திரை எழுந்தது. அதன் மூலையில் நேரம்.

"இதுவும் ஒரு மணி முன்னாலயா? அவர் பெட்டியும் இப்படித்தான்."

"யார் பெட்டி?"

வலேரி நாக்கைக் கடித்துக்கொண்டான். சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தானாம். பிறகு மெல்லச் சொன்னான். பிரிவு மூடுவதற்கு முந்தைய வாரமே தோலேகெனை மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவரும் தன் குடில் கணினியின் வட்டைத் தூக்கிக்கொண்டு நேராக இங்கேதான் வந்திருக்கிறார். இப்போது சந்தைக்குப் பின்னால் ஒரு குடியிருப்பில், நான்காம் மாடியில் இருக்கிறார். பால்கனியிலிருந்து மலையைப் பார்த்துக் குத்துமதிப்பாக எண் அனுப்புகிறார்.

மார்ஜான் லேப்டாப்பை மூடிவிட்டுக் கேட்டாள்.

"எதுக்காம்?"

"மத்த குடிலெல்லாம் மூடியாச்சு, மிஞ்சினது என் எண்ணு ஒண்ணுதான், அதுவும் நின்னா அந்தப் பொண்ணோட நாற்காலியத் தூக்கிடுவாங்கன்னு சொன்னார், அக்கா."

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. இல்லாத நாற்காலிக்கு ஒரு மனிதர் காவல் இருக்கிறார். அவரிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால், நாளை முதல் காலையில் எதுவும் வராது.

மறுநாளும் டீ ஆறுவதற்குள் எண் வந்தது. புதுப்பனி ஒரு சாண், சரிவு அமைதி. அவள் சமையலறை ஜன்னலில் பார்த்தாள். ஊர்ப்புகையில் மலையே தெரியவில்லை.

"பெற்றேன்" என்று தட்டினாள். அழித்தாள். மனம் நோகாமல் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்து, கடைசியில், அண்ணன் என்பதற்கு அங்கே வழங்கும் 'அகா'வோடு இப்படி எழுதி அனுப்பினாள்.

"தோலேகென் அகா, உங்க கடிகாரம் ஒரு மணி முன்னால ஓடுது."

 டீயின் மேல் ஆடை படர்ந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சின்னச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வரி வந்தது.

"உன்னோடதும் அப்படித்தான், தங்கச்சி. நேரம் மாத்தின நாள்லேர்ந்து."