ராகிக்கல் சத்தம்

“அந்தக் கல்லை நிறுத்தித் தொலைடி! இந்தச் சத்தத்துல இங்கிலீஷு மண்டையில ஏறவே மாட்டேங்குது” என்று கத்தினான் மாதேஸ்வரன்.

சுவரோரமாக ராகி அரைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி கண்ணம்மாள் நிமிரவில்லை. “அரைக்கலன்னா மத்தியானம் களிக்கு எங்க போறதுங்க?” என்றாள்.

“சேலத்துல மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவளாம். வூட்டுல சத்தம் போடாம இருக்கத் தெரியல.”

“விடு மாதேசு. அவங்க வேலையை அவங்க பாக்கட்டும். நீ வாக்கியத்தைச் சொல்லு” என்றார் சவுரியப்பன். நல்லம்பள்ளியில் இங்கிலீஷுக்கென்று இருந்த ஒரே வாத்தியார் அவர்.

திங்கட்கிழமை பரீட்சை. தேறினால் தருமபுரியில் ரேஷன் குமாஸ்தா வேலை. யுத்தம் முடிவதற்குள் இன்னொரு வாய்ப்பு வராது. ஏற்கெனவே இரண்டு முறை தவறியவன் மாதேஸ்வரன்.

“ஹி கோ டு தருமபுரி.”

கல் நின்றது.

“தப்பு” என்றார் வாத்தியார். விடையைச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அவரிடம் கிடையாது. “யோசிச்சு மாத்திச் சொல்லு. மூளை எதுக்கு இருக்குது?”

“ஹி கோயிங் டு தருமபுரி?”

கல் அசையவில்லை.

“தப்பு.”

“ஹி... கோஸ் டு தருமபுரி.”

கல் மறுபடி சுற்றத் தொடங்கியது.

“அப்படிப் போடு!” என்று வாத்தியார் தொடையில் தட்டினார்.

மறுநாள் காலையில் மாதேஸ்வரன் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப்புறத்து மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டான். கண்ணம்மாளும் முறத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வாத்தியார் வந்தபோது வீடு அமைதியாக இருந்தது.

“இன்னிக்குத்தானுங்க சார் நிம்மதி. கேளுங்க. ‘தே வாஸ் இன் தி ஃபீல்ட்.’ சரிங்களா?”

வாத்தியார் தாடையைத் தடவினார். சுவரோரம் பார்த்தார். அங்கே கொஞ்சம் மாவு மட்டும் சிந்திக் கிடந்தது.

“சரிங்களா, தப்புங்களா சார்?”

“என்ன அவசரம்? அதையே பத்துத் தடவை எழுது. நான் போய்த் தண்ணி குடிச்சுட்டு வரேன்.”

தண்ணீர்ப் பானை பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தாண்டி, கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு கொட்டகைக்குப் போனார். கண்ணம்மாள் கல்லை விட்டு எழுந்து நின்றாள்.

ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அம்மா, ‘தே வாஸ் இன் தி ஃபீல்ட்’னு சொல்றான். சரிங்களா?”