செக்கிங் டேபிள் ஆள்

‘பனியன் கம்பெனி’ வீடியோ கேமின் இரண்டாம் பாகம் தயாராகிவிட்டது. விளையாடிப் பார்க்க அழைக்கப்பட்டவர்களில் மாதவன் மட்டும் அதை உருவாக்கிய மோனிஷாவின் மேஜைக்கு வந்தான்.

“மேடம், முதல் பாகத்துல செக்கிங் டேபிள் ஆள் பார்த்த பீஸையே திரும்ப எடுத்துப் பார்ப்பான். இதுல பார்க்கலையே?”

“அது கோளாறுங்க. சரி பண்ணிட்டோம். அவனாலதான் லோடு லேட்டாகுதுன்னு எல்லாரும் திட்டினாங்க.”

“திரும்ப வச்சிருங்க.”

“ஏனுங்க? எதுக்கு அப்படி வச்சாங்கன்னே புரியலைங்க. முதல் பாகம் பண்ணின ஆஷாவைக் கேட்கலாம்னா, கேமை நாங்க வாங்கறதுக்கு முன்னாடியே வேலையை விட்டுட்டாங்களாம். ஆமா, நீங்க என்ன வேலைங்க?”

“அவிநாசியில பனியன் செக்கிங்.”

மோனிஷா சிரித்தாள். “அப்ப உங்களைக் கிண்டல் பண்றாங்கன்னு எடுக்கத்தானே சொல்லணும்?”

“அவ என்னைத்தான் கிண்டல் பண்ணினா. வீட்டுப் பூட்டைக்கூட நான் ரெண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். ஆஷா என் சம்சாரம். போன தை மாசம் இறந்துட்டா.”

மோனிஷா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பத்து நிமிடத்தில், திரையில் அந்த ஆள் மடித்து வைத்த பனியனை மறுபடி விரித்துப் பார்த்தான்.

“சரியா இருக்குதுங்களா?”

“இன்னொரு தரம் ஓட விடுங்க” என்றான் மாதவன்.