ஜும்ஆவின் ஆணி

பள்ளிவாசல் சுவரில் ஒவ்வொரு தொழுகைக்கும் ஒரு கடிகாரம், அதனதன் நேரத்தில் முள்ளை நிறுத்தி மாட்டியிருந்தது. நடுவில் இருந்த பெரியது மட்டும் ஓடும்.

விடிகாலைத் தொழுகையான சுபுஹின் கடிகாரத்துக்கு ஒரே பொருமல். "எனக்கு நாலே பேரு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் தெருவரைக்கும் கூட்டம்!"

தொழுகைக்கு அழைக்கும் மோதினார் கடிகாரங்களைத் தூசி துடைக்க இறக்கினபோது, அது நைசாக ஜும்ஆவின் ஆணியில் ஏறிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கூட்டம் நிறைந்தது. இமாமின் பயான் உரை நீண்டுகொண்டே போனது. தலைகளெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பின.

"பாத்தியளா, என்னையத்தான் பாக்குறாங்க!" என்றது சுபுஹு.

பெரிய கடிகாரம் சிரித்தது. "என்னையப் பாக்குறாங்கப்பா. எப்ப முடியும்னு."

சுபுஹு யோசித்தது. "என் நாலு பேரு ஒங்களைப் பாப்பாங்களா, மாமு?"

"ஒருநாளும் இல்லியே."

"அப்ப மோதினாரைக் கூப்புடுங்க. நான் எறங்கணும்."