வெண்கலத்தில் வெண்டல்

"இன்னும் நல்லாக் குப்புறப் படுங்க, மிஸ்டர் டாலிவர். மூக்கு தரையில படணும்" என்றாள் சிற்பி மார்னி.

தம் டயர் கடையின் சிமெண்டுத் தரையில் வெண்டல் டாலிவர் பக்தியோடு மூக்கைப் பதித்தார். கல்லூரி நாளில் அவர் ஆடிய அந்தப் புகழ்பெற்ற தடுப்பாட்டத்துக்குக் கல்லூரி மைதானத்தின் வாசலில் வெண்கலச் சிலை வைக்கப்போகிறார்கள். அதற்காக அவருடைய உடலளவைக் கேட்டிருக்கிறார்கள். தாமதமாகவேனும் வரலாறு அவர் வீட்டு முகவரியை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டது.

மார்னி முதுகை அளந்தாள், கெண்டைக்காலை அளந்தாள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்பக்கத்தையும் அளந்தாள். முகத்துக்கு எப்போது உட்கார வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, அதற்கு அவசியமே இல்லை என்றாள். தம் முகம் அலபாமா முழுவதும் அவ்வளவு பிரசித்தம் என்பதை டாலிவர் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில், கல்லூரி அணியின் தடுப்பு வரிசைக்கு அவர் நடு ஆள். அன்று எதிரணிக்கு எல்லைக்கோடு எட்டிவிடும் தூரம், கடைசி வாய்ப்பு. டாலிவர் தாழப் பாய்ந்து, முட்டி வந்தவர்களின் கால்களை வாரிச் சரித்து வழியை அடைத்தார். மிச்ச வேலையை, அதாவது பந்தோடு வந்தவனைப் பிடிக்கும் சில்லறை வேலையை, சக ஆட்டக்காரன் கிப் லாசிட்டர் முடித்தான்.

வெற்றியைக் கல்லூரி நியாயமாகவே பங்கிட்டது. கிப்புக்குக் கார் விற்பனை நிலையமும் தொலைக்காட்சி விளம்பரமும். டாலிவருக்கு இரண்டு முழங்கால்களிலும் அறுவைச் சிகிச்சை. ஊர் சலூனில் இன்றும் தொங்கும் பத்திரிகைப் படத்தில் கிப்பின் முகம் துலக்கமாக இருக்கும். மற்றவர்கள் ஒரு குவியலாக இருப்பார்கள்.

ஆட்டம் முடிந்து சில ஆண்டுகள் கழித்தே எர்னஸ்டீன் அவரை மணந்தாள். கதையை அவள் கேட்டிருக்கிறாளே தவிர ஒருநாளும் நம்பியதில்லை. "இந்தக் குவியல்ல நீ எந்த மூட்டை, வெண்டல்?" என்பாள். அந்த நேரத்தில் அவர் ஓரத்துப் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருப்பார் என்பது, தேவாலயப் பாடகர் குழு முழுவதையும் அவள் நம்பவைத்திருந்த வரலாறு. கேட்டுச் சிரிக்காத ஆளில்லை. நீ அங்கே இருந்தாய் என்று அவள் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும்; டாலிவருக்கு வாழ்வில் வேறு ஆசை இல்லை.

திறப்பு விழாவுக்குப் புதிய கோட்டு தைத்துக்கொண்டார். நன்றியுரை எழுதி, கடை ஊழியர்களிடம் அதைப் பலமுறை வாசித்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு கிளம்பிய எர்னஸ்டீன், கிப்பையும் அழைத்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

"வரட்டுமே, பாவம். கூட ஆடுனவன்தானே" என்றார் பெருந்தன்மையோடு.

வாத்தியங்கள் முழங்கத் திரை விழுந்தது. கிப் லாசிட்டர் வெண்கலத்தில் பறந்துகொண்டிருந்தான். விளம்பரத்தில் காட்டும் பல்வரிசைகூடப் பிசகவில்லை.

நன்றியுரை பிரிக்கப்படாமலே கோட்டுப் பைக்குத் திரும்பியது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லத் திரும்பினால் பக்கத்தில் எர்னஸ்டீன் இல்லை. அவள் சிலையைச் சுற்றிவந்து, பின்புறம் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

திரும்பி வந்தவள் அவர் கையைக் கோத்துக்கொண்டாள். குரலில் கேலியே இல்லை.

"நான்தான் தப்பு, வெண்டல். நீ அங்கதான் இருந்திருக்க. கிப் பூட்ஸுக்குக் கீழ கெடக்குதே, அந்தப் பின்பக்கம் உன்னோடதுதான்."