பாஷை தெரியாத பையன்

ஜனக்புரியில அந்த வீட்டு பால்கனிக்குக் கீழ நின்னு, ஜெயசீலன் போனை வாய்க்கிட்ட வெச்சு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

தங்கச்சி கனிமொழி சாத்தூர்ல துணிக்கடையில நிக்கிறா. வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கடையில கேக்க முடியாது. எழுத்தா வந்தா கல்லாக்காரருக்குத் தெரியாம படிச்சுக்குவா.

அவனுக்குத் தமிழ்ல டைப் அடிக்க வராது. பேசினா போனே எழுதிக்கும். ஆனா மெதுவா பேசணும், சத்தமாவும் பேசணும். இல்லேன்னா கண்டதையும் எழுதித் தொலைக்கும்.

எல்லாத்தையும் சொன்னான். அவ கம்மலை அடகு வெச்ச காசுல டெம்போ வாடகை போக எவ்வளவு மிச்சம்னு சொன்னான். மிஷின் விக்கிறவரு பேரு சந்திரமௌலி, தமிழ்க்காரருதான், அறுபத்தஞ்சாயிரம் கேக்குறாருன்னு சொன்னான்.

"நான் தமிழ்னு காட்டிக்க மாட்டேன் கனி. அவங்களுக்குள்ள பேசிக்கிறதக் கேட்டு விலைய எறக்கிருவேன்."

மேலேர்ந்து போன் மேல ரெண்டு சொட்டுத் தண்ணி விழுந்துச்சு. சட்டையில துடைச்சுட்டு பெல்லை அழுத்தினான்.

கதவைத் தொறந்தவரு பேரு கேட்டதுக்கு "ஜெய்"னான். பொய் இல்ல, பாதிப் பேரு.

தமிழ்ல வாயைத் தொறந்தா எந்த ஊருன்னு கேப்பாங்க. சாத்தூரான்னு வாய் நிறையச் சிரிப்பாங்க. அதுக்கப்புறம் யாரால பேரம் பேச முடியும்?

பேரம் பேசாம இருக்கவும் முடியாது. கம்பெனியில வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு. சொந்தமா, இரும்பு செதுக்குற ஒரு மில்லிங் மிஷின் இருந்தா உத்தம் நகர்ல அவன் இருக்கிற முன்ரூம்லயே போட்டு ஓட்டலாம். வேலை குடுக்க ரெண்டு பேரு தயாரா இருக்காங்க. மிஷின் இல்லேன்னா ஊருக்கு ரயில் ஏறணும். கம்மலும் போச்சு, வேலையும் போச்சுன்னு அம்மா முன்னால போய் நிக்கணும்.

கார் நிறுத்துற இடத்துல, மிஷினைப் படுதா போட்டு மூடி வெச்சிருந்தாரு சந்திரமௌலி சார். ரிட்டயர் ஆனதும் ஆசைக்கு வாங்கினதாம். இப்போ புனேல மகள் வீட்டுக்கே போறாங்களாம்.

ஜெயசீலன் கைப்பிடியைச் சுத்திப் பாத்தான். மேசை வழுக்கிக்கிட்டுப் போச்சு. கத்தி மாட்டிச் சுத்துற ஸ்பிண்டிலைப் புடிச்சு ஆட்டினான். நூல் அளவு கூட ஆட்டம் இல்ல. கம்பெனியில அவன் ஓட்டினது கூட இவ்வளவு சுத்தம் இல்ல.

உதட்டைப் பிதுக்கினான். "அங்கிள், யே தோ கபாட் ஹை." பழைய இரும்புக்குப் போடற சாமான்னு அர்த்தம்.

அவரு ஏற்கெனவே பளபளன்னு இருந்த மேசையை எண்ணெய்த் துணியால இன்னொரு தடவை துடைச்சாரு.

மாடியிலேர்ந்து மாமி டீயோட வந்தாங்க. புடவைத் தலைப்பு நனைஞ்சிருந்துச்சு.

"சர்க்கரை போறுமா பாரு."

தமிழ்லதான் கேட்டாங்க, அவனைப் பாத்துதான். 'போதும்'ங்கிற வார்த்தை பல்லு வரைக்கும் வந்துருச்சு. டீயோட சேத்து முழுங்கினான்.

"ஜீ, ஆன்ட்டி?"

மாமி அவனையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் ஹிந்தியில, சீனி சரியா இருக்கான்னு கேட்டாங்க. தலையை ஆட்டினான்.

மாமி வீட்டுக்காரரு பக்கம் திரும்பினாங்க. "முப்பத்தெட்டுக்குக் குடுத்துடுங்கோ."

"என்னடி இது? அறுபதுக்குக் கீழ பேசப்படாதுன்னு காலம்பற நீதானே கத்தினே?"

"அது காலம்பற. புனேக்கு இதைத் தலையில தூக்கிண்டா போகப் போறேள்?"

ஜெயசீலனுக்குப் புல்லரிச்சுப் போச்சு. டெம்போ வாடகை போக அவன் பாக்கெட்டுல இருந்ததும் சரியா அதே முப்பத்தெட்டுதான். எந்தச் சாமி பண்ணின வேலையோன்னு நெனச்சான்.

அதோட நிறுத்தியிருக்கலாம்.

முப்பத்தெட்டுக்கு எறங்கினவங்க இன்னும் எறங்க மாட்டாங்களான்னு புத்தி போச்சு. முகத்தை இறுக்கமா வெச்சுக்கிட்டு, "முப்பத்தஞ்சு"ன்னான் ஹிந்தியில.

சார் மாமியைப் பாத்தாரு. மாமி காலி டீ கிளாஸைக் கையில எடுத்தாங்க. "சரின்னுடுங்கோ. பாவம், கொழந்தை."

டெம்போவோட வந்த நாலு பேரு சங்கிலி போட்டுத் தூக்கி மேல ஏத்தினாங்க. சார் கூடவே குனிஞ்சு, பாத்து, பாத்துன்னு கை நீட்டிக்கிட்டே வந்தாரு. கடைசியா, வெட்டுற கத்திகளை ஒவ்வொண்ணா பேப்பர்ல சுத்தி வெச்ச ஒரு மரப்பெட்டியை அவன் கையில குடுத்தாரு. அதுக்குக் காசு கேக்கல.

மிச்சம் மூணாயிரம் சட்டைப் பையில உறுத்திக்கிட்டு இருந்துச்சு. நிமிர்ந்து அவரு மூஞ்சியைப் பாக்க முடியல. டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ஜல்தி சலோன்னான்.

வண்டி திரும்புறப்பதான் பால்கனியைப் பாத்தான். அவன் நின்னு பேசின இடத்துக்கு நேர் மேல, ஒரு நீலப் புடவை சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

அதை ஒதுக்கிட்டு மாமி எட்டிப் பாத்தாங்க. போன்கிட்ட பேசற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையா, நிறுத்தி நிறுத்தி, சத்தமா சொன்னாங்க.

"மூணு மிச்சம் ஆயிடுத்தோல்லியோ. கனி கம்மலுக்கு வட்டி கட்டிடு."

டிரைவர் அவன் பக்கம் திரும்பி, ஆன்ட்டி என்ன சொன்னாங்கன்னு ஹிந்தியில கேட்டான்.

ஜெயசீலன் மடியில இருந்த பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்தான்.

"மாலூம் நஹீ. அவங்க பாஷை எனக்குத் தெரியாது"ன்னான், ஹிந்தியிலயே.