நீல மூடி டப்பா

"கறித் தண்ணி நமக்கு, எலும்புத் தண்ணி எதிர்வீட்டுக்கா? உனக்கே இது நல்லா இருக்கா?"

பூட்டு ரிப்பேர்காரர் கையக்கூடக் கழுவாம அடுப்படியில வந்து நின்னுட்டார். அவருக்கு அது ஒரு வியாதி. மூடி இருக்கிற எதைப் பார்த்தாலும் திறந்து பார்க்கணும்.

அடுப்புல ரெண்டு பாத்திரம். சம்சாரம் அசரல.

"கறிய மட்டும் அறுத்தெடுத்து உப்பு மிளகு போட்டு வேகவெச்சா அது பிராத்து. அப்படியே குடிக்கலாம். வெறும் எலும்ப உப்புகூடப் போடாம மணிக்கணக்கா கொதிக்கவிட்டா அது ஸ்டாக்கு."

"வணக்கம் நேயர்களே..." டிவி சமையல்காரம்மா மாதிரியே குரலை இழுத்தார். "பிராத்தாம், ஸ்டாக்காம்! எல்லாம் சூப்புதானே?"

"இல்லீங்க. ஃப்ரிட்ஜுல வெச்சா சாயம் வெளுத்துடும். எலும்புத் தண்ணி ஜெல்லி மாதிரி கட்டியாயிடும். கறித் தண்ணி தண்ணியாவே கிடக்கும்."

"அதுக்காக? ஆபரேஷன் முடிஞ்சு ஒண்டிக்கட்டையா கிடக்கிற டிராயிங் வாத்தியாருக்கு எலும்பா? நல்லாத் தின்னாத்தான் தேறுவார், இல்லன்னா மறுபடி ஆஸ்பத்திரிதான்னு டாக்டரே சொல்லிட்டாராம்!"

"நான் என்னங்க பண்றது? அவரு அதுதானே வாங்கிக்கிறாரு."

அதுதான் இவர் மண்டையக் குடைஞ்சுது. போன வாரம் ஆசையா ஆப்பிள் வாங்கிட்டுப் போனா, வாத்தியார் பையத் தொடக்கூட இல்ல. "தப்பா நினைக்காதீங்க. நான் யார்கிட்டயும் கை நீட்டிப் பழக்கமில்ல." டொக்னு கதவு சாத்திடுச்சு. ஆப்பிள் வேணாம்னவருக்கு எலும்புத் தண்ணி மட்டும் எப்படி இனிக்குது?

மத்தியானம் சாப்பாட்டுல தன் பங்கை உறிஞ்சிக் குடிச்சார். "உப்பு ஒரு சிட்டிகை பத்தல. மத்தபடி, கறின்னா கறிதான்!"

உறிஞ்சினாரே ஒழிய, மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

மறுநாள் காலையில சம்சாரம் குளிக்கப் போன நேரம். மெல்ல ஃப்ரிட்ஜத் திறந்தார். சிவப்பு மூடி டப்பா நம்மளது. நீல மூடி வாத்தியாருது. ரெண்டு மூடியையும் மாத்திட்டா முடிஞ்சுது கதை. இன்னிக்காவது அந்த மனுஷன் நல்லதா குடிக்கட்டும்!

சிவப்பு மூடியத் திறந்தார்.

உள்ள கட்டியா, ஜெல்லி மாதிரி ஆடுச்சு. டப்பாவக் கவுத்தார். ஒரு சொட்டு விழல.

நீல மூடியத் திறந்தார்.

தளக் தளக்னு தண்ணி. மிளகு வாசனை.

அப்போ, இத்தனை நாளா இவர் 'கறின்னா கறிதான்'னு உறிஞ்சினது...

எந்த மூடி எதுல இருந்துச்சோ அதுலயே போட்டார். நீல டப்பாவச் சூடு பண்ணி எடுத்துக்கிட்டு அவரே எதிர்வீட்டுக் கதவத் தட்டினார்.

வாத்தியார் சுவரப் பிடிச்சுக்கிட்டே வந்து திறந்தார். டப்பாவச் சந்தேகமா பார்த்தார்.

"எலும்புத் தண்ணிதானே? எப்படியும் தூக்கிப் போடறதுன்னு உங்க வீட்டம்மா சொன்னதாலதான் வாங்கறேன். இதுல கறி கிறி போட்டிருந்தா இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க."

"கறியா? உங்களுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க!" பூட்டுக்காரர் கடகடன்னு சிரிச்சார். "கறித் தண்ணி மொத்தமும் எங்க வீட்டுக்கு சார். உங்களுக்கு வெறும் எலும்புதான்!"