ஒற்றை ஆட்சேபணை

“அந்த ஆள் வாயிலிருந்து நல்ல வார்த்தையே வராதும்மா. நேத்துக்கூடப் போன்ல கெஞ்சிப் பார்த்தேன், கத்தித் தீர்த்துட்டார். பேசாம ஆபீசுக்குத் திரும்பிடுங்க” என்றார் கைப்பேசியில், மின் பாதுகாப்பு அலுவலகக் கண்காணிப்பாளர் குருமூர்த்தி.

“சங்ககிரியே தாண்டிட்டேன் சார். நேர்ல ஒரு தடவை பேசிப் பார்த்துடறேன்” என்றாள் தனப்பிரியா.

“என்னத்தைப் பேசி? விதி வந்துட்டா ஏழாயிரம் தறிக்கூடத்தையும் ஏறி இறங்கிச் சோதிக்கப் போறது நாமதான். இருக்கிறதே அஞ்சு பேரு. இன்னொரு வருசம் தள்ளிப் போனா குடியா முழுகிடும்?”

அவள் கைப்பேசியை அணைத்தாள். மணி மூன்றரை. ஐந்து மணியோடு ஆட்சேபணை தெரிவிக்கவும் திரும்பப் பெறவும் கெடு முடிகிறது.

திருத்தப்பட்ட மின் பாதுகாப்பு விதியை அரசு வரைவாக வெளியிட்டிருந்தது. மின்சாரம் கசிந்தால் அந்தக் கணமே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை ஒவ்வொரு விசைத்தறிக் கூடத்திலும் பொருத்தியாக வேண்டும்; அவ்வளவுதான் விதி. ஆனால் ஒரே ஓர் ஆட்சேபணை வந்தாலும் போதும். விசாரணை, விளக்கம், மறுவரைவு என்று கோப்பு தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும்.

மூன்று ஆண்டுகளாக அது அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் கெடு முடியும் தறுவாயில் ஒரே மனிதர் ஆட்சேபித்தார்: சின்னண்ணன், வயது ஐம்பத்தெட்டு, தறி உரிமையாளர். இந்த ஆண்டு வந்ததையும் சேர்த்து மூன்று மனுக்களிலும் ஒரு சொல் மாறவில்லை, வயதுகூட மாறவில்லை. பழைய மனுவைப் பார்த்து எழுதுகிற சோம்பேறிக்கு இத்தனை பிடிவாதமா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அதே மூன்று ஆண்டுகளில் தறிக்கூடங்களில் மின்சாரம் தாக்கி இறந்தவர்களின் பட்டியலும் அவள் பையில் இருந்தது. பத்தொன்பது பெயர்கள். அவற்றை அவர் முகத்துக்கு நேரே படித்துக் காட்டி, மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதி வாங்காமல் நகர்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

மனுவில் குறித்திருந்த மின் இணைப்பு எண், ஓட்டுக்கூடம் ஒன்றின் சுவரில் மீட்டருக்கு மேலே சிவப்புப் பெயின்டில் தெரிந்தது. உள்ளே நான்கு தறிகள் இரைந்துகொண்டிருந்தன. அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“சின்னண்ணன் கூடம் இதுதானுங்களா?”

“ஆமாங்க. நீங்க யாருங்க அம்மணி?”

“கரண்டு பாதுகாப்பு ஆபீசிலிருந்து வர்றேன்.”

பெண்ணின் முகம் சட்டென்று வெளிறியது. ஒவ்வொரு தறியாக நிறுத்திவிட்டு வந்தாள். “கனெக்சன் அவரு பேருலயேதானுங்க இருக்குது. அதுல ஏதாச்சும் குத்தமுங்களா? ஊடு தேடி வந்திருக்கீங்களே...”

“அதுக்கு வரலீங்கக்கா. அவர்கிட்டப் பேசணும்.”

“எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க. நான் அவரு சம்சாரம், அமுதவல்லி.”

அவள் எதையோ மறைக்கிறாள் என்பது தனப்பிரியாவுக்குப் புரிந்தது. கணவனை உள்ளே இருத்திவிட்டு வாசலை அடைத்து நிற்கிறாள் போலும். சேலத்திலிருந்து அடக்கிக்கொண்டு வந்த ஆத்திரம் பொங்கியது.

“உங்க வீட்டுக்காரர் போடுற கையெழுத்தால ஒரு சட்டமே முடங்கிக் கிடக்குதுங்க. இந்தப் பத்தொன்பது பேருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இல்லியா? நீங்களாச்சும் அவருக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?”

நீட்டிய பட்டியலை அமுதவல்லி வாங்கவில்லை. “என்னன்னு கையெழுத்து?” என்றாள்.

“கரண்டு கசிஞ்சா தானா நிறுத்துமே, அந்த டிரிப்பர் வேண்டாம்னு. தறிக்காரன் வயித்துல அடிக்கிற திட்டமாம்.”

“அந்த டிரிப்பருங்களா?” அமுதவல்லி உள்ளே திரும்பி நடந்தாள். “இப்படி வாங்க.”

கூடத்தின் மூலையில் இருந்த மின்பலகையைப் பார்த்ததும் தனப்பிரியா திகைத்து நின்றாள். விதி கேட்கும் அதே கருவி. பலகை முழுக்கப் பஞ்சுத் தூசி படிந்திருக்க, அது மட்டும் துடைத்து வைத்த குத்துவிளக்கைப் போல இருந்தது. அவள் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். பட்டென்று விளக்குகள் அணைந்தன. மின்விசிறி கிறீச்சிட்டு ஓய்ந்தது. கருவியில் பழுதில்லை.

மணி நாலேகால்.

“தன் கூடத்துல பத்திரமா மாட்டிக்கிட்டு, ஊருல இருக்கிறவங்களுக்கு மட்டும் வேண்டாம்னு எழுதுவாரா? இது எந்த ஊரு நியாயம்?” தனப்பிரியாவின் குரல் கூரையில் மோதியது. “நேத்து எங்க சார்கிட்டப் போன்ல அந்தக் கத்துக் கத்தினாராமே, இப்ப எங்க ஒளிஞ்சிருக்கார்? கூப்பிடுங்க அவரை. இவ்வளவு தெரிஞ்ச மனுசன் இதை எதுக்கு மாட்டினார்னு அவரே சொல்லட்டும்!”

அமுதவல்லி கையை உயர்த்தி விசையை மேலே தள்ளினாள். வெளிச்சம் திரும்பியது.

“மாட்டுனது நானுங்க அம்மணி. அஞ்சு வருசத்துக்கு முந்தி, கரண்டு அடிச்சு அவரு செத்த பதினாறாம் நாளு.”